காளையின் பெயர்

ஓட்டேரி நல்லா கால்வாய்க்குப் பின்னால்
ஹவுசிங் போர்டு ஏழாம் பிளாக்குக்கும்
ரயில்வே சுவருக்கும் நடுவே
பதினோரு அடிச் சந்தில்
ஐந்து மாடுகள்.

நான்குக்கு உடம்பெல்லாம் கழலை.
ஐந்து ரூபாய்க் காசுகளைத்
தோலுக்கடியில் வைத்துத் தைத்தாற்போல்.
வெற்றிலை மிளகு கல்லுப்பு அரைத்த உருண்டையை
பேபியின் கடைவாயில் திணித்துக்கொண்டிருந்தாள் ஏகவல்லி.
"பத்து லிட்டர் கறந்தவ சார்.
இப்ப எந்திரிக்கவே மாட்டேங்குறா."

ஐந்தாவது
சுவரொட்டி தின்றுகொண்டிருந்தது.

நான் வேப்பேரியிலிருந்து
ஐஸ் பெட்டியோடு போனவன்.
குட்டை உடம்பு, வளைந்த ஒற்றைக் கொம்பு,
கழுத்து நரம்பைத் தேடித் தடவியபோது
ஈ உட்கார்ந்தாற்போல் தோலைச் சிலிர்த்ததே தவிர
மெல்லுவதை நிறுத்தவில்லை.
கழலையில்லை. காய்ச்சலில்லை.
ஊதா மூடிக் குழாயில்
மற்றவற்றின் ரத்தம் போலவேதான் நிறம்.

படிவத்தில் கட்டங்கள்:
வயது. இனம். தாயின் எண்.
காளையின் பெயர்.

பேபிக்கு இருந்தது.
நைட்ரஜன் புகையிலிருந்து எடுத்த குச்சியில்
அப்பன் எண்ணும் அச்சடித்தே வந்திருந்தது.
இதற்கு?
ஏகவல்லி உருண்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.
"அது பட்டாளம் மார்க்கெட்டாண்ட
முட்டைக்கோசு திருடித் தின்னுகினு இருந்த காளை சார்.
கார்ப்பரேஷன் வண்டி வந்து
பெரம்பூர் தொழுவத்துக்கு இட்டுகினு பூட்சி.
அதுக்கு யாரு பேரு வெச்சா?"

கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

ஒரு மாடு சாட்சியில்லை, வதந்தி
என்பார் எங்கள் டாக்டர் நூருன்னிசா.
கடைசிக் கொட்டில், புகை போட்ட பக்கம்,
கொசு கடிக்காமல் விட்டிருக்கலாம்.
சும்மா தப்பித்திருக்கலாம்.
தலையாட்டினேன்.
ஆனாலும் ராத்திரியில்
கோமாரியில் ஒரு மந்தை சாய்வதையும்
அடைப்பானில் இன்னொன்று சாய்வதையும்
சாயாத ஒன்று
புல்லுக்குக் குனிவதையும்
பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.
அதன் கன்று, கன்றின் கன்று,
யாரும் எழுதிவைக்காமலே
ஓரெழுத்து கைமாறி
பட்டாளம் மார்க்கெட் வரைக்கும் வந்து
அழுகின கோசுக்காக அடிவாங்கியிருக்கிறது.
எதிர்ப்பு சக்தி என்று வாய்நிறையச் சொல்கிறோம்.
அந்த ஓரெழுத்தைப் பொறுக்கியெடுக்க
எத்தனை செத்தன என்பதற்குப்
படிவத்தில் கட்டமில்லை.

மூன்று மாதம் கழித்து
திரையில் நான்கு வரிசை ஒருபோல ஓடி
ஐந்தாவது ஓரிடத்தில் பிசகியது.
டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
"இன்னொரு தடவை ரத்தம் எடுத்து வாங்க.
அது கன்று போட்டிருக்கான்னும் கேளுங்க."

பேபி எழுந்து நின்றிருந்தாள்.
தழும்புகளின்மேல் மயிர் முளைத்திருந்தது.

"அதுவா சார்?
ரெண்டு லிட்டர் தேறாது.
பேபிக்கு ஊசி மருந்துக்கே எட்டாயிரம் ஆச்சு.
அத்த வித்துதான் கட்னேன்.
மாதவரம் ரவுண்டானால லாரி ஏத்துனாங்கோ.
எந்தூருன்னு நான் கேக்கல.
ஏன் சார், அதுக்கு எதுனா சீக்கா?"

இல்லை என்றேன்.
வேறு என்ன சொல்வது என்று
வண்டியை எடுக்கும்வரை தெரியவில்லை.

ரயில்வே சுவரில்
நாக்கு எட்டிய உயரம்வரை செங்கல் தெரிந்தது.
அதற்குமேல்
ஒரு வேட்பாளரின் கூப்பிய கைகளும் முகமும்.

மைனஸ் எண்பதில்
மூன்றாம் தட்டு, இடது மூலை,
பெருவிரல் அளவு குழாய், நானூற்றுப் பதினேழு.
விடுதிக்கும் ஆய்வகத்துக்கும் எண்பது தப்படி.
மின்சாரம் போகும் ராத்திரிகளில்
செருப்பில்லாமல் இறங்கிப் போய்
ஜெனரேட்டர் உறுமுகிறதா என்று
கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு
வந்து படுக்கிறேன்.