இரண்டாம் பக்கம்

ஜெபமணி அக்காவின் இணையதளம் திறப்பதற்குள்
ரெட்டேரி சிக்னலில் பச்சை விழுந்து,
பின்னால் நின்ற ஷேர் ஆட்டோ
என் பரம்பரையை ஒருமுறை விசாரித்துவிட்டது.
திறந்ததும் முகப்பில் ஒரு திமிங்கிலம் துள்ளியது.

"திமிங்கிலமும் விக்கிறீங்களா அக்கா?"
"ஒரு பையன் போட்டுக் குடுத்தான், நஸீமா.
காசு வாங்கினதும் ஓசூர் போயிட்டான்."

கொளத்தூர் மொட்டைமாடியில்
நாற்பத்தொரு சிமென்ட் தொட்டி.
லேபிள் உரித்த குவார்ட்டர் பாட்டில்களில்
ஆளுக்கொரு ஃபைட்டர்.
நடுவில் அட்டை செருகியிருக்கிறது,
பார்த்துக்கொண்டால் சண்டை.
இத்தனை உயிர் இங்கே நீந்துவது
கூகுளுக்குத் தெரியாது.

முதலில் திமிங்கிலத்தை இறக்கினேன்.
அது மட்டுமே பதினோரு எம்பி.
தலைப்பில் "முகப்பு" என்றிருந்தது,
ஊரில் பாதிக் கடைக்கு அதே பெயர்ப்பலகை.
"ஃபைட்டர், கப்பி மீன்கள், கொளத்தூர்" என்று மாற்றினேன்.
படத்துக்குப் பெயர் வெறும் எண்ணாக இருந்தது;
நீல வால் கப்பி என்று வைத்தேன்,
பிள்ளைக்கு வைப்பதுபோல் அல்ல,
மருந்துக்கடை டப்பாவில் ஒட்டுவதுபோல்.

பக்கத்தின் அடியில் சுட்டியை இழுத்தபோது
வெள்ளைமேல் வெள்ளையாய் ஒளிந்திருந்தது:
மீன் சென்னை மீன் விலை மீன் மலிவு மீன் மீன்,
முந்நூறு தடவை.
காசிமேட்டில் கூவுகிறவர்கூட
நடுவில் மூச்சு விடுவார்.
அழித்தேன்.

தொலைபேசி எண் மூன்று இடத்தில் மூன்று.
ஒன்று செத்த எண், ஒன்று ஆவடிக் கொழுந்தனாருடையது.
எல்லா இடத்திலும் ஒரே எண், ஒரே முகவரி,
சர்ச்சுக்குப் போவதால் ஞாயிறன்று
பதினொன்றுக்குத்தான் திறக்கும் என்பதுவரை.

அந்த வாரம் யாரோ அக்காவை அழைத்து
மூவாயிரம் ரூபாய்க்குப் பத்தாயிரம் இணைப்பு,
நாளை மறுநாள் முதலிடம் என்றானாம்.
"வாங்கிடலாமா?"
"அக்கா, லாரியில வந்த கூட்டம்
பிரியாணி முடிஞ்சதும் லாரியிலயே போயிடும்."

பிறகு, மக்கள் என்ன தட்டுகிறார்கள் என்று பார்த்தேன்.
விலை கேட்டவர்கள் கொஞ்சம்தான்.
மீதி எல்லாம் எழுத்துப்பிழையோடு,
ராத்திரி பன்னிரண்டுக்குமேல்:
தண்ணி மாத்துனதும் மீன் சாகுது ஏன்
மீன் சாஞ்சு படுத்திருக்கு தூங்குதா
மீன் செத்தா கொழந்தகிட்ட எப்படி சொல்றது

கடைசிக் கேள்விக்கு எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை.
முதல் கேள்விக்கு அக்கா
வலையைக் கீழே வைக்காமலே சொன்னார்:
"மெட்ரோ தண்ணியில குளோரின்.
ஒருநாள் பக்கெட்ல தொறந்து வெச்சிட்டு ஊத்துங்க.
முழுசா மாத்தாதீங்க, கால்வாசி போதும்.
மீனும் நம்மளமாதிரிதான், வீடு மாறினா பதறும்."
ஒரு சொல் திருத்தாமல் ஏற்றினேன்.
எங்களிடம் வாங்குங்கள் என்று எங்கும் சேர்க்கவில்லை.

ஆறு வாரம் ஒன்றும் அசையவில்லை.
தினமும் அக்கா கேட்பார், "வந்துச்சா?"
முப்பத்தெட்டிலிருந்து இருபத்தொன்பது.
இருபத்தொன்பதிலிருந்து முப்பத்திரண்டு.
கார்த்திகை மழையில் ஒருநாள் பதினான்கு.
"இரண்டாம் பக்கம்" என்றேன்.
"அங்க யாராவது வருவாங்களா?"
நான் ஏதோ மெசேஜ் வந்ததுபோல் போனைப் பார்த்தேன்.

அன்றிரவே ஒருவர் வந்தார்.
முகலிவாக்கம். கரண்ட் இல்லை, காற்றுக்குழாய் நின்றுவிட்டது,
மகள் தொட்டியை விட்டு நகர மறுக்கிறாள்.
தளத்திலிருந்த எண்ணுக்கு அழைத்திருக்கிறார்.
சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றச் சொல்லி
இருபது நிமிடம் அக்கா
போனிலேயே எண்ணிக்கொண்டிருந்தாராம்.

காலையில் கேட்டார்:
"ஒண்ணும் வாங்கல நஸீமா. இது கணக்குல வருமா?"

வரும் என்றேன்.
அப்புறம் வீட்டுக்கு வந்து அறிக்கையில் தேடினேன்,
மீன் பிழைத்ததா என்று அது சொல்லிவிடும் என்பதுபோல்.
ஒரு வருகை. நான்கு நிமிடம், பன்னிரண்டு நொடி.
ஊர் என்ற கட்டத்தில்
சென்னை.