முதுகுப் பம்பு

பழைய பால் ஸ்டோரை
மாதம் முந்நூற்றைம்பது வெள்ளிக்கு எடுத்தேன்.
சுவரில் இன்னும் அமில வாடை.
குளிரூட்டி இரண்டு; ஒன்று ஓய்ந்தால் மற்றது ஓடும்.
பத்தொன்பது பாகை. அதற்கு மேல் ஏறினால்
மலையிலிருந்து நான் இறக்கிவந்த பிள்ளைகள்
என்று எழுத வந்தேன்.
பிள்ளைகள் இல்லை. தவளைகள்.
இருபத்து மூன்று.

பீடோர் கடைத்தெருவில் நான் தவளை டாக்டர்.
கஞ்சிக்கடை ஆ ஹோக் ஒவ்வொரு வாரமும் கேட்பார்,
கிலோ எவ்வளவு என்று.
ஒன்று ஏழு கிராம், ஆ ஹோக்.
அவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

வாசலில் குளோராக்ஸ் கலந்த தட்டு.
உள்ளே வருகிறவர் அதில் நின்று முப்பது எண்ண வேண்டும்.
மீட்டர் பார்க்க வந்தவர்
இது என்ன கோயிலா என்றார்,
அதற்குள் சப்பாத்தைக் கழற்றியிருந்தார்.
தோலைத் தின்னும் பூசணம் ஒன்று உலகம் சுற்றுகிறது.
தவளை குடிப்பதும் தோலால், மூச்சுவிடுவதும் தோலால்.
சாத்திக்கொள்ள அதற்குக் கதவில்லை.

அவை பிறந்த ஓடை
இப்போது டுரியான் தோப்புக்கு அடியில்
ஒரு குழாய்.

ஒன்பது வருஷம்.
மழையைப் பதிவுசெய்து போட்டேன். இடியையும்.
நிலவுக்கு ஒரு மங்கல் விளக்கு.
பெண்கள் முட்டை சுமப்பார்கள், காத்திருப்பார்கள்,
பிறகு தங்களுக்குள்ளேயே கரைத்துக்கொள்வார்கள்.
நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.
ஏழாம் எண் ஆண்
வாய் திறக்காமலே கெட்டுக்கொண்டிருந்தது.
ஒரு மாநாட்டில் என் அட்டவணையைக் காட்டினேன்;
பிறப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம்.
கைதட்டினார்கள்.
செம்பனைக் கம்பெனி ஒன்று பொன்னாடை போர்த்தியது.

பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை, கரண்ட் இல்லை.
இரண்டு குளிரூட்டியும் ஒரே நேரத்தில் வாயை மூடின.
ஐஸ் வாங்க ஆள் அனுப்பிவிட்டு
ஜன்னலைத் திறந்தேன்.
வேலிக்கு வெளியே ஷொஹிதுல் புல்லுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தான்.
முதுகில் பம்பு, இடது கையில் பிடி.
கிர்ரக். கிர்ரக்.
ஏழாம் பெட்டியிலிருந்து
கிர்ரக்.

எதிரொலி என்றுதான் நினைத்தேன்.
அவன் நின்று நெற்றியைத் துடைத்தான்.
அந்த இடைவெளியிலும்
கிர்ரக்.
வேறொரு ஆண் தன் இடத்துக்கு வந்துவிட்டதாகக்
கோபம் போலும் அதற்கு.

எனக்குத் தெரிந்த சத்தம்.
அம்மா இருபத்தாறு வருஷம் மருந்தடித்தவள்.
மூக்கில் ரத்தம் வரும். நகங்கள் விழும், முளைக்கும், விழும்.
அந்தச் சம்பளத்தில் விலங்கியல் படித்தேன்.
அவள் அடித்தது மழையில் எந்த அல்லூரில் இறங்கி
எத்தனை தலைப்பிரட்டைகளைக் கொன்றது என்று
ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் எழுதினேன்.
அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

மறுநாள் இரும்புக்கடையில் புதுப் பம்பு வாங்கினேன்,
மருந்தே காணாதது.
பத்து லிட்டர் தண்ணீர். இரவு ஏழு மணி.
வாரை மாட்டியதும்
தோள் தானாகச் சாய்ந்துகொண்டது,
வலதுபக்கம், அவளுக்குச் சாய்ந்த அதே அளவு.
பெட்டிகள்மேல் பனிபோல் இறங்கியது.
ஏழு திட்டிக்கொண்டே இருந்தது.
பன்னிரண்டு கேட்டுக்கொண்டே கிட்டே வந்தது.

நாற்பத்தொரு முட்டை, இலையின் அடிப்பக்கம்.
முப்பத்தாறு வெளுத்துப் பஞ்சு பிடித்தன.
ஐந்துக்கு வால் வந்தது.
பேரேட்டில் 'தூண்டல்' என்ற கட்டம்:
முதுகுப் பம்பு. தண்ணீர் மட்டும்.
பின்னதை அடிக்கோடிட்டேன்.

ஷொஹிதுல் பார்க்க வேண்டும் என்றான்.
பூட்ஸெல்லாம் மருந்து. உள்ளே விட முடியாது.
அவன் சொல்லாமலே நாலடி தள்ளி நின்றான்.
ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து
ஜன்னலுக்கு இந்தப்பக்கம் பிடித்தேன்.
வால் ஒருமுறை வெட்டியது.
"மஹாலா, டாக்டர்?"

விலையைத்தான் கேட்கிறான்.
வாடகை, கரண்ட், ஒன்பது வருஷம்,
அம்மாவின் நகங்கள்.
ஐந்தால் வகுக்க வேண்டும்.
பென்சில் உள்ளே எங்கோ இருந்தது.