ஐம்பத்து நாலரை லிட்டர்

முதல் பெட்டியின் அளவைக் கட்டில்தான் சொன்னது.
கட்டிலுக்கடியில் பதிமூன்று அங்குலம் இடம்.
அதற்குள் நுழைகிற மாதிரி செய்யுங்க
என்றாள் கோமளவல்லி.
நுழைந்தது. இருபத்தெட்டு லிட்டர்.

அம்மாப்பேட்டையில் மாடி வீடு,
கீழே எட்டு விசைத்தறி.
தறி நின்றபின் போட்டுப் பார்த்தேன்.
எந்தப் பாட்டிலும் ஒரே ஆள்
ஒரே சுரத்தில் கதவைத் தட்டினான்.
தவிலும் அவன், கிட்டாரும் அவன்,
படத்தில் வெள்ளம் வந்தபோது
வெள்ளமும் அவனே.

"சத்தம் இருக்குது, ஆழம் இல்லை"
தலையணையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

குற்றம் கூம்பின் மேல் இல்லை.
மூடிய பெட்டியில் காற்றுதான் வில்சுருள்.
இடம் குறைந்தால் விறைத்துக்கொள்கிறது,
கடன் கேட்டுப் போனவனுக்கு
வாசலிலேயே பதில் சொல்லி அனுப்புகிற
பெரிய மனிதரைப் போல.
இடம் மிஞ்சினாலோ
தடுக்க ஆளில்லாமல் கூம்பு
எல்லை தாண்டிப் போய் வரும்.

ஜவ்வரிசி ஆலையில் கணக்கெழுதுகிறவன் நான்.
கூம்போடு வந்த தாளின் எண்களுக்குப் பயப்படவில்லை.
வகுத்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கழித்து,
வந்ததால் எண்பதை வகுத்தேன்.
ஐம்பத்து நாலரை.
மூன்று முறை போட்டும் அதே.
ஆலைக் கணக்கு ஒருநாளும்
இப்படி ஒத்துவந்ததில்லை.

லீ பஜார் பக்கம் இலியாஸின் பட்டறை.
பதினெட்டு மில்லி பலகையைத் தட்டிக்கொண்டே கேட்டார்:
"உள்ளே என்ன வைக்கப் போறீங்க?"
காற்று.
"காத்துக்கா இவ்வளவு கனம்?
என் வீட்டு பீரோவே பன்னெண்டு மில்லிதானுங்க."
குறுக்குச் சட்டம் இரண்டு லிட்டர் தின்னும்,
காந்தம் ஒன்றரை தின்னும்,
அதையும் சேர்த்து அறுங்கள் என்றேன்.
தின்னும் என்ற சொல்லுக்கு
பட்டறைப் பையன் சிரித்தான்.

கட்டிலுக்கடியில் இனி நுழையாது.
கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு செங்கல் வைத்தோம்.
அன்றிலிருந்து ஏறித்தான் படுக்கிறோம்.

அளவு சரியா என்று பார்க்க
ஆலையிலிருந்து ஜவ்வரிசி மூட்டை வந்தது.
கூம்பு வைக்கிற வட்டத்தின் வழியே
லிட்டர் படியால் நான் கொட்ட
அவள் எண்ணினாள்:
லாபம், ரெண்டு, மூணு...
குறுக்குச் சட்டத்துக்கு மேலே வெள்ளை ஏறியது,
மூலைகளைக் கையால் தட்டி நிரப்பினோம்.
ஐம்பத்தாறில் விளிம்பு தெரிந்தது.
எனக்குத் திடீரென்று சந்தேகம்,
லாபத்தைக் கணக்கில் சேர்த்தாளா?
"லாபத்தை விட்டுட்டு எவளாவது எண்ணுவாளா?"
இருந்தாலும் திரும்ப அளந்தோம்.
காந்தத்துக்கு விட்டதும் சேர்த்து
ஐம்பத்தாறு. அதன் மேல் தலைதட்டி ஒரு அரிசி பிசகாது.

கவிழ்த்துக் கொட்டி, துடைத்து,
மூட்டுகளில் சிலிக்கான் இழுத்து,
எட்டு திருகாணியும் முறுக்கியாயிற்று.
ஊதுபத்தியை விளிம்போரம் நகர்த்தியபடி
கூம்பை விரலால் மெல்ல அழுத்தினேன்.
புகை நேராகவே எழுந்தது.
மழைக்கு முந்தைய அன்றைய காற்று,
கீழிருந்து வந்த சாய வாசம்,
பலகைத் தூசிக்கு அவள் போட்ட ஒரு தும்மல்,
எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன.

பத்தரைக்குத் தறி நின்றது.
இந்த முறை யாரும் கதவைத் தட்டவில்லை.
தவில் தவிலாக வந்தது.
கிட்டாரின் தடித்த கம்பி ஒவ்வொரு படியாக
இறங்கிப் போவது கேட்டது;
கடைசிப் படி காதுக்கு வராமல்
செங்கல் வழியாக முதுகுக்கு வந்தது.
கோமளவல்லி எழுந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான், ஒரே ஒரு சுரத்தில், கிர்ர்.

நிறுத்தினேன். திரும்பப் போட்டேன்.
அதே இடம், அதே கிர்ர்.
நாற்பத்தொரு ஹெர்ட்ஸில் மட்டும்
குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால் எங்கேயோ
ஒற்றை ஜவ்வரிசி எழுந்து ஆடுகிறது.

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.
"அதுதாங்க லாபம்."

எட்டு திருகாணி. கழற்ற ஐந்து நிமிடம் ஆகாது.
இரண்டு ஞாயிறாக
ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்,
மேசை மேல்தான் இருக்கும் அதை.