முப்பது மில்லி

நாலு ரோட்டில் என் கடைக்கு வருகிறவர்கள்
நின்றபடியே தாகத்தை முடித்துக்கொள்வார்கள்.
நன்னாரி சர்பத், பெரிய கிளாஸ், ஒரே மூச்சு.
தொண்டை ஏறி இறங்குவதை எண்ணுவேன்:
ஐந்து, மிஞ்சினால் ஆறு.
ஏழாவதற்குள் சில்லறை எண்ணி வைத்திருப்பான் மாதேசு.

நானும் அப்படிக் குடித்தவள்தான்.
சொம்பைத் தூக்கினால் உதட்டில் படாது.
அண்ணாந்த வாய்க்குள் தண்ணீர்
கயிறு போல இறங்கும், ரவிக்கை நனையாது.
நூற்றுப் பதினெட்டுக் கிலோவில்
அந்த ஒன்றில் மட்டும் நான் ஒய்யாரி.

இரைப்பையை வெட்டி
ஒரு பூவன்பழ அளவுக்குத் தைத்த மறுநாள்
நர்ஸ் ஃபிலோமினா, ஏற்காட்டுக்காரி,
இருமல் மருந்து மூடி ஒன்றை நீட்டினாள்.
"முப்பது மில்லிக்கா. கால் மணி நேரம் ஆகணும்.
அண்ணாந்து ஊத்துனா காத்தும் கூடப் போயிரும்.
உதட்ட வெச்சு, சப்பிக் குடிங்க."

உதட்டை வெச்சு.
வந்த புதிதில் ஒருநாள் மறதியாய் வாய் வைத்ததற்கு
மூன்று முறை புளி போட்டுச்
சொம்பை விளக்கச் சொன்ன வீடு எங்கள் வீடு.

ஸ்ட்ரா கூடாது. சோடா கூடாது.
சர்க்கரைத் தண்ணீர் கூடவே கூடாது.
என் கடையில் முக்கால்வாசி கூடாது.

பன்னிரண்டாம் நாள் கடைக்கு வந்துவிட்டேன்.
வரக்கூடாதுதான். சித்திரை, முதலாளி இல்லாத கல்லா.
கை தானாகப் பானைக்குப் போனது.
ஒரு மடக்கு.
பழைய மடக்கு.

நெஞ்செலும்புக்குப் பின்னால் போய் நின்றது,
மலைப்பாதைத் திருப்பத்தில் மாட்டிய லாரி மாதிரி.
மேலேயும் வராது, கீழேயும் போகாது.
எலுமிச்சை மூட்டைக்குப் பின்னால் குனிந்தேன்.
வெறும் நுரை.
மாதேசு மிக்ஸியைச் சத்தமாக ஓடவிட்டான்,
பழம் எதுவும் போடாமல்.

போனில் ஃபிலோமினா சிரிக்கவில்லை.
"எங்க ஊரு பஸ்ஸுல வந்திருக்கீங்களா?
இருவது வளைவு. ஒவ்வொண்ணுலயும்
ஹாரன் அடிச்சு, நின்னுதான் திரும்பும்.
அவசரப்பட்டா யாரும் ஊரு போய்ச் சேர முடியாது."

அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது.
ஐஸ் தண்ணீர் குத்தும். வெதுவெதுப்பு வழுக்கும்.
காலையில் உள்ளே இறுக்கம்,
சுக்கு தட்டிப்போட்டால் வழிவிடும்.
பத்து மணிக்கு மேல் நீர்மோர், துணியில் வடித்து.
ராத்திரி அர்த்தநாரி
எட்டு மூடியை நிரப்பித் தலைமாட்டில் அடுக்கி வைப்பார்,
கார்த்திகை அகல் மாதிரி.
நாலு மணிக்கு விழிப்பு வந்தால் ஒன்றை எடுப்பேன்.
அவர் தூங்குகிற மாதிரி இருப்பார்.

இப்போது சாப்பாடும் தண்ணீரும் சேராது.
இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம்.
விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்களே,
கொஞ்ச நேரம் நினைக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

குழாயில் வந்த அன்றைக்கு
மேட்டூர்த் தண்ணீருக்கு ஒரு மண்வாசனை உண்டு.
மூன்றாம் நாள் அதில் பிளாஸ்டிக் டிரம் வாசனை.
கேன் தண்ணீருக்கு ஒரு வாசனையும் கிடையாது,
அதுவே ஒரு மாதிரியாக இருக்கிறது.
நாற்பத்தாறு வயது வரை
எதையும் நாக்கில் நிற்கவிட்டதில்லை.

நேற்று சங்ககிரி லாரிக்காரர் ஒருவர்
கிளாஸை வாங்கிக்கொண்டே என் கையைப் பார்த்தார்.
"என்னக்கா, சர்பத் கடையில உக்காந்து
மருந்து குடிக்கிறீங்க?"
"தண்ணிதாங்க."

நம்பவில்லை. இரண்டாவது கிளாஸ் கேட்டார்,
முடித்தார், வாயைத் துடைத்தார், காசு கொடுத்தார்,
வண்டியை எடுத்துக்கொண்டு
ஐந்து ரோடு பாலத்தில் ஏறியும் விட்டார்.

நான் அதே மூடியில்
பாதியில் இருந்தேன்.