கானாடுகாத்தான், இந்திய நேரம்

திருமயம் தாண்டும்போது ஓட்டுநர் முத்துக்கருப்பன்
"கோட்டை தெரியுதுங்க, எழுப்பவா?" என்றாராம்.
தூக்கத்திலேயே நான்
"சிக்கன்" என்றேனாம்.

பன்னிரண்டு மணி நேரம் ஒரு வானம்,
தோஹாவில் நான்கு மணி நேரம் கண்ணாடி,
மறுபடி ஒரு வானம்,
சென்னையிலிருந்து ஏழு மணி நேரம் சுங்கச்சாவடி.
எல்லாம் கூட்டினால் வருவது
வீங்கிய இரண்டு ஜோடிக் கணுக்கால்,
சக்கரம் ஒடிந்த ஒரு பெட்டி.

பரணி இந்த விடுமுறைக்கு
ஆறு மாதமாக எக்செல் தாள் போட்டவன்.
நாள் ஒன்று, மாலை நான்கு: மாளிகை சுற்றுதல்.
நாலரை: மாடியிலிருந்து படம் எடுத்தல், வெளிச்சம் நன்று.
வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.
பௌசியா நீட்டிய படிவத்தில்
'வந்த நோக்கம்' என்ற கட்டத்துக்குள்
அவன் தன் பிறந்த தேதியை எழுதிக்கொண்டிருந்தான்.
அவள் சிரிக்காமல் வேறு தாள் எடுத்தாள்.
"குடிக்க இளநீரா, நன்னாரியா?"
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.
முடிவெடுக்கும் உறுப்பு
தோஹாவிலேயே தங்கிவிட்டிருந்தது.

வாசலில் நின்றால் பின்கட்டு வரை ஒரே நேர்கோடு.
கதவுக்குள் கதவு, அதற்குள்ளும் கதவு,
கடைசியில் தபால்தலை அளவு வெயில்.
இரு பக்கமும் பர்மாத் தேக்கு.
இங்கே நின்று வியக்க வேண்டும் என்று படித்திருந்தேன்.
எனக்குத் தோன்றியதோ,
இன்னும் இறங்கவில்லை, இது இருக்கைகளின் நடுப்பாதை,
அதோ அந்த வெளிச்சம் கழிவறை.
காலியா, உள்ளே ஆளா?

செருப்பைக் கழற்றி
ஆத்தங்குடிக் கல்லில் கால் வைத்தேன்.
குளிர்ச்சி முழங்கால் வரை ஏறியது.
பூ, பூவைச் சுற்றிக் கட்டம், கட்டத்துக்குள் இன்னொரு பூ,
முப்பத்தெட்டாயிரம் அடி உயரத்தில் போலவே
எல்லாம் மெல்ல நடுங்கின.
ஒரு கை தூணைப் பிடித்தது.
மறு கை இடுப்பில் பெல்ட்டைத் தேடியது.

அறைக்குள் பரணி ஷூவோடு விழுந்தான்,
கட்டிலுக்குக் குறுக்கே, வாய் திறந்து,
பாஸ்போர்ட்டை மார்போடு அணைத்து.
லேஸை அவிழ்க்கக் குனிந்தேன்.
காலுறை அழுத்திய வரி ஆழமாகச் சிவந்திருந்தது.
நகம் வெட்டவில்லை இவன்.
எத்தனை வருடமிருக்கும்
இவன் பாதத்தை நான் பார்த்து.
ஒரே வீட்டில் ஷிஃப்ட் மாற்றி இருப்பவர்கள் நாங்கள்,
ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டிப் பேசிக்கொள்பவர்கள்.

விழித்தபோது கைக்கடிகாரம் மாலை நான்கரை என்றது.
இருட்டு அதை நம்பவில்லை.
பக்கத்தில் முழு விழிப்பில் ஒரு குரல்:
"பசிக்குது."
"எனக்கும்."
இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பசிப்பதே,
யோசித்தால், விடுமுறைதான்.

முற்றத்தில் சதுர வானம்.
விமானத்தில் தந்த பன்
நாப்கினுக்குள் கல்லாகியிருந்தது.
பிய்க்கிற சத்தத்துக்கு
இரவுக் காவல் அருளானந்து வந்துவிட்டார்.
ஒரு கையில் ஃபிளாஸ்க், தம்ளர். மறு கையில் தட்டு நிறைய ரஸ்க்.
"கனடான்னா மூணு மணிக்கு எந்திரிச்சிருவாக.
பிரான்ஸ்காரவுக படுக்கவே மாட்டாக.
ஆஸ்திரேலியாக்காரவுக வந்தா
ஒம்போதுக்கே குறட்டை, எனக்கு நிம்மதி."

சுக்குக் காப்பி.
பரணியின் ரஸ்க் பாதி உடைந்து உள்ளே விழுந்தது.
சூட்டில் விரல் விட்டுத் துழாவினான்.
எக்செல் தாளில் இதற்கு வரி கிடையாது.
மேலே ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி
சதுரத்தின் ஒரு மூலையில் நுழைந்து
மினுங்கி மினுங்கிப் போனது.
அதை அண்ணாந்து பார்த்து "சிக்கன்" என்றான்.
சிரித்ததில் சுக்கு மூக்கில் ஏறி
கண்ணெல்லாம் தண்ணீர்.

காலை ஒன்பது: ஆத்தங்குடி, ஓடு வார்ப்பதைப் பார்த்தல்.
ஒன்பதுக்கு வாசலில் ஹாரன் கேட்டது,
அல்லது கேட்டது போலிருந்தது.
அவன் கால் என் கால்மேல் கிடந்தது, நல்ல கனம்.
நகம் குத்தியது.
நான் நகர்த்தவில்லை.