பி பக்கம், ஐந்தாவது

வண்டியோடு வந்தது அந்த டேப்.
விற்றவர் அதற்கென்று தனியாகக் காசு கேட்கவில்லை.
கழற்றினால் ஓட்டை விழும், ஓட்டையில் குளிர் ஏறும்
என்று விட்டுவைத்தேன்.
கேசட் மட்டும்தான் தின்னும்.
தின்னும் என்றால், சிலசமயம் உண்மையாகவே.

அப்படித்தான் கோத்தகிரி மார்க்கெட்டின் பின்வரிசையில்
டேவிட்சன் கடைக்குப் போக ஆரம்பித்தேன்.
மூடியில்லாத குக்கர், ஒற்றைக்கால் கம்பூட்,
எஸ்டேட் பங்களாவிலிருந்து இறங்கிய விளக்குக்கூண்டு,
எல்லாவற்றுக்கும் அடியில் ஆப்பிள் பெட்டி நிறையக் கேசட்டுகள்.
ஒன்று பத்து ரூபாய்.
"மேல எழுதியிருக்கறத நம்பிராதீங்க" என்பார்,
"உள்ள ஜெபக்கூட்டம் இருக்கும்,
கிரிக்கெட் கமென்ட்ரி இருக்கும்."
மலைக் கேசட்டுக்கு வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்க வேண்டும்,
முட்டை வாங்குகிற மாதிரி.

மூன்றாவது வாரம் கிடைத்தது
பனித்துளி ஹிட்ஸ் தொண்ணூற்றைந்து.
அட்டையில் ஒரு ரோஜா, ஒரு அருவி,
எந்தப் படத்திலும் இல்லாத ஒரு ஜோடி.
எங்கள் வீட்டில் இருந்ததும் இதுதான்.
இதே பிரதி அல்ல,
எங்களுடையதின் மூலையை ஜெயசீலி கடித்திருந்தாள்.

இப்போதும் டீக்கடையில் அந்த முதல் பாட்டு முடிந்தால்
எனக்குள் இரண்டாவது தொடங்கிவிடும்.
ரேடியோ வேறொன்றைப் போடும்.
இருக்கிற படி என்று நினைத்துக் கால் வைத்தமாதிரி
ஒரு கணம் உடம்பு தடுமாறும்.

தொகுப்பு என்றால் எல்லாமே நல்ல பாட்டு இல்லை.
ரேஷனில் சர்க்கரை வேண்டுமென்றால்
சோப்பும் வாங்கு என்பார்களே, அப்படி
ஓடாத படத்தின் பாட்டு ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கும்.
இதில் அது பி பக்கம், ஐந்தாவது.

இரண்டு மணி ஒலிக்கும்.
ஒரு பெண் மூச்சை இழுப்பாள்.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
அதற்குமேல் நான் அவளை விட்டதில்லை.
கட்டைவிரல் பட்டன்மேல் தயாராக இருக்கும்.
"ஒருவாட்டி விடுடி" என்பாள் ஜெயசீலி.
விடமாட்டேன்.
மூன்று வருஷம் அந்தப் பெண்
மூச்சை இழுத்தபடியே நின்றாள்.

விடியற்காலை மூன்றரை. பதினெட்டு மூட்டை கேரட்.
அரவேணு தாண்டும்போது ஏ பக்கம் முடிந்தது.
ஒற்றைக் கையால் திருப்பிப் போட்டேன்.
இந்த டேப்பில் ஓட்டிவிடுகிற பட்டன் கிடையாது,
அது இருந்த குழியில் யாரோ ஊக்கு குத்தியிருக்கிறார்கள்.
முன்னால் பின்விளக்கு இல்லாத லாரி,
மூடுபனி, வளைவு,
இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

மணி. இன்னொரு மணி. மூச்சு.
பாடிவிட்டாள்.

சுமாரான பாட்டுதான்.
தபேலா ஒருபக்கம் போகிறது, அவள் ஒருபக்கம்.
ஜன்னலுக்கு மின்னல், மின்னலுக்குப் பின்னல்.
ஆனால் இரண்டாம் சரணத்தில்
ஒரு சொல்லுக்கு முன்னால் நின்றுவிடுகிறாள்,
சொல்லலாமா என்று.
பிறகு சொல்வதில்லை. வயலின் வந்துவிடுகிறது.

ஜெயசீலி இப்படித்தான் நிற்பாள்.
இன்னும் கொஞ்சம் சோறு என்று கேட்பதற்கு முன்னால்.
மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது.
போன ஆவணியில் பத்திர ஆபீஸில்,
பேனாவைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து.
அது அவள் பிறவிக்குணம் என்றுதான் இருந்தேன்.

நான் டியூஷன் போன சாயங்காலங்களில்
இதைப் போட்டுக் கேட்டிருக்கிறாள்.

குஞ்சப்பனை செக்போஸ்டில் டார்ச் அடித்தார்கள்.
"என்ன லோடு?"
கேரட்.
"யாரும்மா பாடறது?"
தெரியாது. அட்டையில் அந்த வரியைப் பூஞ்சணம் தின்றுவிட்டது.

அதற்குள் ஆறாவது ஆரம்பித்திருந்தது,
நான் அவசர அவசரமாய்ப் போய்ச் சேர்கிற பாட்டு.
நன்றாகத்தான் இருந்தது.
கேசட்டை வெளியே எடுத்துப்
பல்சக்கரத்தில் பேனாவை நுழைத்துப் பின்னால் சுற்றினேன்,
எத்தனை சுற்று என்று தெரியாமல்.
பின்னால் நின்ற வண்டிக்காரன்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.