பின்னணிச் சத்தம்

பணகுடியிலிருந்து பழவூர் போகிற வழியில்
நாற்பத்தேழாம் நம்பர் காத்தாடிக்கு
நான் காவல்.
பெயர் உச்சிமாகாளி.
விண்ணப்பத்தில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று
இரண்டு கட்டம் இருந்தது.
உச்சியை ஒன்றில், மாகாளியை ஒன்றில்
வெட்டிப் போட்டேன்.
அன்றிலிருந்து வருகிற மெயில் எல்லாம்
'அன்புள்ள உச்சி'தான்.

கம்பெனி பணம் கட்டுகிறது.
தரவு அறிவியல், மூன்று வருசம்,
வீட்டிலிருந்தபடியே பட்டம்.
சமூகப் பொறுப்பு நிதியாம்.
நோட்டீஸில் சிரிக்கிற பெண்ணின் கையில்
டேப்லெட் அணைந்து கிடக்கும்.
எங்களுக்குக் கொடுத்தது எரிகிறது,
குறை சொல்லக் கூடாது.
பின்பக்கம் கம்பெனி முத்திரை.
சுரண்டினால் வாரண்டி போய்விடும்.

ஊருக்குள் டவர் எடுக்காது.
இங்கே எடுக்கும்,
டிரான்ஸ்பார்மருக்கு வடகிழக்கே நாலு எட்டு,
உடைமர நிழல் விழுகிற இடத்தில்
ரெண்டு கோடு.
அடையாளத்துக்கு ஒரு கல் நட்டு வைத்திருக்கிறேன்.
ஆடு பத்தி வந்த சொரிமுத்து
ஒருநாள் அதன்முன்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.
"ஏல, அது சாமி இல்ல,
எங் காலேஜு."

நிகழ்தகவு நடத்துகிற மேடம்
எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது.
காசைச் சுண்டுவார். தலையா, பூவா?
அது கீழே விழுவதற்குள்
திரையில் வட்டம் சுற்றத் தொடங்கிவிடும்.
மேலே இறக்கை சுற்றும்.
எது முதலில் நிற்கும் என்று
நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்:
ஆனியில் வட்டம்,
மாசியில் இறக்கை.
சராசரி என்றால் என்னவென்று படித்த பிறகு
சம்பளச் சீட்டைப் பார்க்கிற கண்ணே மாறிவிட்டது.

தேர்வு, ஆடி ரெண்டாம் வெள்ளி.
கேமராவைவிட்டுக் கண் திரும்பக் கூடாது.
மேஜைமேல் எதுவும் இருக்கக் கூடாது.
மேஜையே இல்லை என்று காட்ட
டேப்லெட்டை ஒரு சுற்றுச் சுற்றினேன்:
செம்மண், தூக்குவாளி,
மேற்கே மேகம் மூடிய மகேந்திரகிரி.
ஏற்றுக்கொண்டது.

பத்தரைக்குக் கணவாய்க் காற்று இறங்கிற்று.
தலைக்கு மேலே
உஸ்
உஸ்
உஸ்.
பார்க்க வருகிறவர்கள்
வாள் வீசுகிற மாதிரி இருக்கு என்பார்கள்.
எனக்கு அது
பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறவனின் மூச்சு.
நான் கேட்பதேயில்லை.

மறுநாள் மெயில்.
'அன்புள்ள உச்சி,
உங்கள் அறையில் வேறொருவர்
தொடர்ந்து ரகசியம் பேசியது பதிவாகியுள்ளது.
விடைத்தாள் நிறுத்திவைக்கப்படுகிறது.
ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

மன்னிக்கவும் என்று ஆரம்பித்தேன். அழித்தேன்.
பணிவுடன் என்று ஆரம்பித்தேன். அதையும்.
மிஞ்சியது இவ்வளவுதான்:
'அறை கிடையாது.
பேசியது என் முதலாளி,
எனக்குப் பீஸ் கட்டுகிறவர்.
விடை எதுவும் அவர் சொல்லித் தரவில்லை.
நிறுத்தச் சொல்ல
எனக்கு அதிகாரம் இல்லை.'

பதில் இன்னும் வரவில்லை.
வந்தது ஒரு வெள்ளை வேன்.
வெற்றிக் கதை எடுக்கிறார்களாம்,
ரெண்டு நிமிச வீடியோ.
காக்கியைக் கழற்றிவிட்டு
அவர்கள் கொண்டுவந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டேன்.
கல் இருந்த இடத்தில் நாற்காலி போட்டார்கள்.
கல்லை யாரோ டயருக்கு அண்டை கொடுத்துவிட்டார்கள்.

காதில் மாட்டியிருந்த பையன் உதட்டைப் பிதுக்கினான்:
"சத்தம் இடிக்குது சார்."
சார் ஒரு போன் போட்டார்.
நாற்பத்தேழு
மெதுவாகி, இன்னும் மெதுவாகி,
நின்றது.
ஆடி மாசத்தில்.
பதினொரு நிமிசம்.
எத்தனை யூனிட் என்று
மனசு தானாகப் பெருக்கிக்கொண்டிருந்தது.

எங்கேயோ சொரிமுத்துவின் ஆட்டு மணி.
அது இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று
எனக்குத் தெரியாது.

"சொல்லுங்க, இந்தப் படிப்பு
உங்க வாழ்க்கையை எப்படி மாத்துச்சு?"

நான் அண்ணாந்தபடியே இருந்தேன்.

"உச்சி,
கேமராவைப் பாருங்க."